உப்புக்கோட்டையின் கடைசிச் சனிக்கிழமை

— பனியெண்டால் நான் என்ன செய்யிறது, சுசி? பிளேன் நிலத்திலை நிக்குது. நாலு பேருக்கும் போன் எடுத்து, ஞானேஸ்வரன் சூரிச்சிலை மாட்டுப்பட்டுப் போனான், இண்டைக்கு விளையாட்டு இல்லையெண்டு சொல்லிவிடும்.

— சொல்ல ஏலாது. மெற்றில்டா அக்கா செவ்வாய்க்கிழமை ஒரேயடியா மெல்பேர்ணுக்குப் போறா. மூண்டு வருசமா இழுத்த கதை இண்டைக்கு முடியவேணும்.

— கதை சொல்லுறவன் இல்லாமல் என்னெண்டு முடியிறது? அவை நாலு பேரும் கதைக்குள்ளை ஆளுக்கொரு வேசம். இன்னது செய்யிறன் எண்டு சொல்லித் தாயக்கட்டை உருட்டுவினம், விழுற இலக்கம்தான் முடிவு, அவ்வளவுதான். கோட்டை, காவல்காரர், மழை, இருட்டு எல்லாம் நானெல்லோ.

— இண்டைக்கு நான்.

— நீரோ?

— ஓம். ஏன் சிரிக்கிறியள்?

— சிரிக்கேல்லை. இது நரைச்ச ஆக்களின்ரை சின்னப்பிள்ளை விளையாட்டு எண்டு சொன்னது நீர்தானே?

— சொன்னனான். இப்பவும் சொல்லுவன். இஞ்சருங்கோ, நாலு மணிக்கு வந்திடுவினம். சாப்பாட்டு மேசையைத் துடைச்சு வைச்சிட்டன். உங்கடை நீல ஃபைல், வரைபடம், கட்டையள் எல்லாம் முன்னாலை கிடக்கு. இருபது முகக் கட்டை ரெண்டு இருக்கு. எதைக் குடுக்கிறது?

— சிவப்பைக் குடும். மற்றது கள்ளக் கட்டை, எப்பவும் பெரிய இலக்கம்தான் விழும். வைத்தியநாதனுக்குத் தெரிஞ்சால் விடமாட்டான்.

— அவருக்கு எப்பவோ தெரியும். நீங்கள் தேத்தண்ணி குடிக்கேக்கை மாத்தி எடுக்கிறவர்.

— நீர் குசினியிலை இருந்து இதெல்லாம் பாத்துக்கொண்டோ இருந்தனீர்? சரி, பழகிப் பாப்பம். நான்தான் வைத்தியநாதன், விளங்குதோ? கோட்டை வாசல். "வாளை உருவிக்கொண்டு காவலாளுக்கு மேலை பாயிறன்."

— கட்டையை உருட்டுங்கோ.

— பதினெட்டு. விழுத்திப்போட்டன்.

— விழுந்த இடத்திலை தலைக்கவசம் கழண்டு போகுது. பாத்தால் ஒரு பொம்பிளை. "என்ரை பிள்ளையள் ரெண்டும் உள்ளுக்கு. நான் இதிலை காவல் நிக்காட்டி அதுகளுக்குச் சோறில்லை" எண்டுறா. கையெடுத்துக் கும்பிடேல்லை. உங்கடை கண்ணை நேரை பாக்கிறா. வைத்தியநாதன், என்ன செய்யிறியள்?

— பொறும், யோசிக்கிறன்.

— யோசியுங்கோ.

— வாளைக் கீழை போடுறன்.

— வைத்தியநாதன் மூண்டு வருசத்திலை முதல்தரம் வாளைக் கீழை போட்டிருக்கிறார்.

— இது ஃபைலிலை இல்லையே, சுசி.

— இல்லை.

— சரி, டொக்டர் பாலசுப்பிரமணியன்? "ரூல் புக்குல அப்படி இல்லையே" எண்டு அரை மணித்தியாலம் வாதாடுவார்.

— உப்புக்கோட்டைக்குள்ளை ஒருதரும் ரூல் புக் வாசிக்கேல்லை, டொக்டர் எண்டு சொல்லுவன்.

— லலிதா? அந்தப் பிள்ளை வாயே திறக்காது.

— அவவிட்டைத்தான் முதல் கேப்பன். நீங்கள் எப்பவும் கடைசியாக் கேக்கிறனீங்கள். அதுக்கிடையிலை மற்றவை எல்லாத்தையும் செய்து முடிச்சிடுவினம், அவவுக்குச் செய்ய ஒண்டும் மிஞ்சாது.

— அப்பிடியோ?

— அப்பிடித்தான்.

— சுசி, ஒண்டு கேக்கட்டோ? ஓடக்காரியை எழுதினது நீர்தானே?

— எந்த ஓடக்காரி?

— தெரியாத மாதிரிக் கேக்காதையும். காசு வேண்டாம், இதுவரைக்கும் ஒருதருக்கும் சொல்லாத ஒரு உண்மை சொல்லுங்கோ, அக்கரை ஏத்திறன் எண்டவ. மெற்றில்டா அக்கா அண்டைக்கு அழுதவ. நான் உம்மட்டை ரைப் பண்ணத் தந்த தாளிலை "ஆறு, ஓடம்" எண்டு ரெண்டே ரெண்டு சொல்லு. நீர் திருப்பித் தந்தது ஒண்டரைப் பக்கம்.

— தெரிஞ்சுகொண்டோ அதை வாசிச்சனீங்கள்? என்னமா எழுதியிருக்கிறாய் ஞானம் எண்டு அவை சொல்லேக்கை தலையும் ஆட்டினியள்?

— ஆட்டினனான். பிழைதான்.

— ஓம், பிழைதான்.

— கடைசிப் பக்கங்களைப் பாத்தனீரோ?

— பாத்தன். வெறும் தாள்.

— ஊரிலை அவ்வளவு சனமும் செத்த அந்த மே மாசத்துக்குப் பிறகு எனக்கு எழுத வரேல்லை, சுசி. எத்தினை தரம் இருந்து பாத்தன். கோட்டையிலை அடைபட்ட சனம் வெளியிலை வருகுது எண்டு ஒரு வசனம். அதுக்கு மேலை பேனை நகருதில்லை. பாராளுமன்றத்துக்கு முன்னாலை ரோட்டிலை எத்தினை நாள் நிண்டம். சண்டையை நிப்பாட்டச் சொல்லித் தொண்டை கட்டக் கத்தினம். பிறகு வீட்டை வந்து, இல்லை, எல்லாரும் தப்பி வந்திட்டினம் எண்டு என்னெண்டு எழுதிறது?

— தெரியும். உங்களுக்குப் பக்கத்திலைதானே நானும் நிண்டனான்.

— இங்கை பனி இல்லை. பிளேன் மத்தியானமே போயிட்டுது. நான் ஏறேல்லை.

— அதுவும் தெரியும். அங்கை நீங்கள் நிக்கிற வீட்டிலை இருந்து உங்கடை அக்கா போன் எடுத்தவ. தம்பி பெட்டியைக் கட்டி வைச்சிட்டு பல்கனியிலை வெயிலுக்கை இருக்கிறான், என்னெண்டு கேக்கப் பயமா இருக்கு எண்டா.

— கோவமோ?

— கோவம்தான். அதை வந்தாப் பிறகு வைச்சுக்கொள்ளுவம். இப்ப நேரமில்லை. வைத்தியநாதன் ரெய்னர்ஸ் லேன் ஸ்டேஷனிலை இறங்கிட்டாராம், மெசேஜ் வந்திருக்கு.

— கடைசிப் பக்கத்துக்கு என்ன செய்யப்போறீர்?

— எழுதிப்போட்டன். பதினொரு பக்கம். இந்தக் கிழமை முழுக்க வேலையிலை லஞ்ச் நேரம் சாப்பிடேல்லை. நீங்கள் வந்தவுடனை கையிலை தருவம், வாசிக்கட்டும் எண்டுதான் இருந்தனான். நீங்கள் வரேல்லை. அது நல்லதாப் போச்சு. இனித் தரமாட்டன்.

— சனம் வெளியிலை வருமோ, சுசி? அதை மட்டும் சொல்லும்.

— பெல் அடிக்குது. லைன்லை இருங்கோ... வாங்கோ, வாங்கோ. சப்பாத்தை அதிலை விடுங்கோ. மெற்றில்டா அக்கா, உங்களுக்கு ஹீற்றருக்குப் பக்கத்துக் கதிரை. ஓம், இவர் இன்னும் சூரிச்சிலை. இல்லையில்லை, ஒருதரும் திரும்பிப் போகவேண்டாம். இண்டைக்குக் கதை நான் சொல்லுறன்.

— நீங்களா சொல்லப்போறீங்க? ரொம்ப சந்தோஷம். ஆனா ஒண்ணு, ரூல் புக்குல பாதில கதைசொல்லி மாறலாமான்னு...

— டொக்டர், இருங்கோ.

— சுசி, அப்ப நான் போனை வைக்கட்டோ?

— வைக்கவேண்டாம். ஸ்பீக்கர்லை போட்டு மேசைக்கு நடுவிலை வைக்கிறன். உங்களுக்கும் ஒரு வேசம் எழுதியிருக்கு.

— எனக்கோ? நான் ஒரு நாளும் அந்தப் பக்கம் இருந்ததில்லையே.

— இண்டைக்கு இருங்கோ. எல்லாரும் கேளுங்கோ. விடியப்போகுது, கடல் வத்திக் கிடக்கு. நீங்கள் நாலு பேரும் இந்தக் கோட்டைக் கதவை இடிச்சுப் பாத்தியள், எரிச்சுப் பாத்தியள், மண்டாடிக் கெஞ்சிப் பாத்தியள். அது அசையேல்லை. ஆனா உள்ளுக்கை இருந்த சனம் சும்மா இருந்ததெண்டு ஆர் சொன்னது? உப்பு அரிச்ச பூட்டை இரவிரவா நகத்தாலை சுரண்டிச் சுரண்டி, இப்பதான் கடைசி ஆணி விழுந்திருக்கு. முந்நூறு பேர் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிக்கினம். அவைக்கு முன்னாலை ஒரு மனுசன். தாழ்ப்பாள் அவர்ரை கையிலை. வெளியிலை ஆர் நிக்கினம், என்ன நடக்கும் எண்டு அவருக்குத் தெரியாது. ஞானேஸ்வரன், அந்த மனுசன் நீங்கள். என்ன செய்யிறியள்?

— சுசி...

— சுசி இல்லை. கதை சொல்லுற ஆள் கேக்கிறன். என்ன செய்யிறியள்?

— ஞானம், மெற்றில்டா கதைக்கிறன். வெளியிலை நாங்கள்தான் நிக்கிறம்.

— திறக்கிறன்.