பம்பரில் ஒரு பள்ளம்

— மாட்ட வித்துருவேன்னு ஒரு வார்த்தை சொன்னேன், ராமக்கா. அதுக்காக அலங்காநல்லூர்ல இருந்து பரவை வரைக்கும் அதக் கையில புடிச்சுக்கிட்டு நடந்தே வந்துருவியா?

— ஒரு வார்த்தையா மச்சான்? தரகர் வீரணனுக்கு ஆள் விட்டீகளே, அதுவும் வார்த்தைதானா? அடிமாட்டு லாரியில ஏத்துற ஆளு அவரு.

— கோவத்துல விட்டது. அன்னிக்குச் சாயங்காலமே வர வேணாம்னும் சொல்லி விட்டுட்டேன்.

— அது எனக்கு எப்பிடித் தெரியும்? அதுக்குள்ள நான் எங்கண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்துட்டேன்.

— நாலு நாளா வாரேன். நீ வாசப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேங்குற. தொழுவத்துலயே நின்னு, மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கிட்டு, முதுகக் காட்டிப் பேசுற.

— வாசல்ல ஒங்க ஜீப்பு நிக்கும். அது மூஞ்சியில முழிக்க வேணாம்னுதான்.

— இம்புட்டு வெறுப்பா அது மேல?

— சேத்துல போற வண்டி மச்சான் அது. கரும்புத் தோட்டத்துக்குள்ள, கம்மாக் கரையில, ரோடே இல்லாத எடத்துல போறதுக்குன்னே செஞ்சது. அதுல நல்லாக் கெடந்த மிலிட்டரி இரும்பக் கழட்டிட்டு, எவனோ தூக்கிப் போட்ட கார் பம்பர வாங்கி மாட்டுனீக. அதுக்குக் குரோமியம். லைட்டச் சுத்தி வளையம், அதுக்குக் குரோமியம். சக்கர மூடி, கண்ணாடிக் காம்பு, ஒண்ண விடல. சர்பத்துக் கடை மாதிரி இருக்கு.

— சேத்துல நடக்குறவ நீ கொலுசு போடலியா?

— கொலுசு போட்டேன்னு நான் யாரையும் எட்டி நில்லுன்னு சொன்னதில்ல.

— மாப்ள, என் தங்கச்சிகிட்டத் தோத்தது போதும், இந்தக் காப்பியக் குடிங்க. நீங்க ராசியாகுறதுக்குள்ள இந்தச் செவலப்பய என் வைக்கப்படப்புல பாதிய முடிச்சுருவான்.

— அப்பிடி வச்சுட்டுப் போ கண்ணுச்சாமி. நீயே சொல்லேன், வண்டி நல்லா இல்லியா?

— சக்கர மூடி எனக்குப் புடிச்சிருக்கு. மத்ததெல்லாம் கொஞ்சம் தூக்கல்தான் மாப்ள. சரி, சரி, மொறைக்காதீக. நான் கடைப் பக்கம் போறேன்.

— ராமக்கா, இப்பவாவது திரும்பிக் கேளு. இருவது வருசம் மொதலாளி காரத் தொடச்சேன். விபூதியப் போட்டுத் தேச்சா அந்தப் பம்பர்ல என் மூஞ்சி தெரியும். நல்லாப் பார்க்குறதுக்குள்ள அவரு செருப்புச் சத்தம் கேக்கும். எந்திரிச்சு ஒதுங்கிறணும். எமர்ஜென்சி முடிஞ்ச மறு வருசம் ஏலத்துல இந்த ஜீப்ப எடுத்தப்ப, அதுல ஒரு எடங்கூட மின்னல. என்னோட வண்டியில என் மூஞ்சிய நின்னு நிதானமாப் பார்க்கணும்னு ஆசைப்பட்டேன். அது தப்பா?

— பாருங்க, யாரு வேணாம்னா. டவுன்ல நிறுத்துனா போறவன் வாரவன் எல்லாம் அதுல தலை சீவுறான். நீங்களும் சீவுறீக. நான் குனிஞ்சு பார்த்தா தோசை மாதிரி அகண்டு தெரியுது என் மூஞ்சி.

— எல்லாருக்கும் அப்பிடித்தான் தெரியும் புள்ள. அது வளைவு.

— அது வெறும் பச்சையா இருந்த வரைக்கும் நான் முன்னாடி ஒங்க பக்கத்துல உக்காந்து வருவேன். பின்னாடி வைக்கோலும் இவனுக்குப் பருத்திக்கொட்டையும் கெடக்கும். மின்ன ஆரம்பிச்சதும் வைக்கோல் கீறும்னீக, சாணி ஒட்டும்னீக. அன்னிக்குத் தூத்தல்ல தலையில புல்லுக்கட்டோட கம்மாக் கரையில வாரேன். பின்னாடி ஆரன் அடிச்சீக. ஒதுங்கி நின்னேன். ஏறுன்னு சொல்லுவீகன்னு கட்டக்கூட எறக்கப் போனேன். போயிட்டீக.

— கல்யாண வாடகை புள்ள அது. பொண்ணு மாப்பிள்ளை ஏறுற வண்டி, கழுவித் தொடச்சு எடுத்துக்கிட்டுப் போறேன்.

— நான் மட்டும் கல்யாணம் ஆகாதவளா?

— தப்புத்தான். நின்னுருக்கணும். நீ எறக்கப் போனதக் கண்ணாடியில பார்த்தேன். பார்த்தும் போயிட்டேன்.

— தள்ளி நில்லுங்க, இவனுக்குத் தண்ணி காட்டணும்.

— மறுநா விடிஞ்சு பார்த்தா பம்பர் நெளிஞ்சு, குரோமியம் செதில் செதிலா உரிஞ்சு கெடக்கு. செவல அதுல தன் நெழலப் பார்த்து வேற காளைன்னு முட்டிருச்சுன்னு நீ சொன்ன. கண்ணு மண்ணு தெரியாமக் கோவம் வந்துருச்சு எனக்கு.

— ம்.

— அவன் மேல இப்பக் கோவம் இல்ல. விக்க மாட்டேன், சத்தியம். வீட்டுக்கு வா. அவனக் கெணத்துக்கு அங்கிட்டுக் கட்டிருவோம். ரெட்டைக் கயிறு போட்டு, கொம்புல சாக்கச் சுத்தி விட்டுட்டா வண்டிப் பக்கம் வர மாட்டான்.

— ரெட்டைக் கயிறா? வாடியில தெறந்து விட்டா ஒருத்தனத் திமில்ல கைய வைக்க விடாதவன். அவனுக்குக் கொம்புல சாக்கா?

— என்ன செய்ய? தப்புப் பண்ணுனது அவன்தானே?

— வேணாம் மச்சான்.

— சரி, சாக்கு வேணாம். கயிறு மட்டும் போடுவோம். என்ன புள்ள, எதுக்கு அழுகுற?

— அவுத்து விட்டாலும் அவன் அந்த வண்டிகிட்டப் போக மாட்டான். அவன் முட்டவே இல்ல. நாந்தான். நீங்க தூங்குனதுக்கப்புறம் உலக்கைய எடுத்துட்டுப் போயி மூணு குத்துக் குத்துனேன். குத்துனதும் பயந்துட்டேன். காலையில நீங்க கேக்கவும் வாயில இவன் பேருதான் வந்துச்சு. தரகருக்கு ஆள் போனதும் நெசத்தச் சொல்லியிருக்கணும். அதச் சொல்லாம இவனப் புடிச்சுக்கிட்டு ஓடியாந்துட்டேன்.

— ம்.

— ம்முன்னா என்ன அர்த்தம்? திட்டுறதுன்னாத் திட்டுங்க.

— எதுக்குத் திட்ட? விளாங்குடிப் பட்டறைக்காரன் மொத நாளே தடவிப் பார்த்துட்டுச் சொல்லிட்டான், அண்ணே, இது கொம்பு இல்ல, உலக்கைப் பூணுன்னு. நீயாச் சொல்லட்டும்னுதான் தெனமும் வந்துக்கிட்டு இருக்கேன். நெளிசல அடிச்சு எடுத்துட்டுக் குரோமியம் போடவான்னு கேட்டான். எடுக்காத, அது மேலயே போடுன்னேன். பள்ளம் இன்னும் பெருசாத் தெரியுமேன்னான். தெரியட்டும்னேன்.