எர்த் போட்டாச்சு

வால்வு சூடாக இரண்டு நிமிடம் பிடிக்கும், ஐயா. அதற்குள் பெடலை மிதித்தால் சத்தம் வறண்டு வரும். இதைக் கூமூருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வருடம் ஆனது.

காலால் மிதிக்கிற சின்ன இரும்புப் பெட்டிதான் அது. உள்ளே பழைய ரேடியோவில் இருப்பதுபோல ஒரு கண்ணாடி வால்வு. கிடாரின் ஓசை அதன் வழியாகப் போனால், தொண்டை கட்டியவன் அழுவதுபோலக் கரகரத்து வரும். எங்கள் பாலைவன ஊர் தமன்ராசெட்டில் கல்யாணம் என்றால் அந்த ஓசை இருந்தாக வேண்டும். பாடி வாசிப்பவன் கூமூர், என் அத்தை மகன். பக்கத்தில் இரண்டாவது கிடார் நான், அத்தாஹர். பெடலைப் பார்த்துக்கொள்வதும் நான்தான். மணல் புகாமல் துணியில் சுற்றி, வண்டியில் மடியிலேயே வைத்துக்கொண்டு வருவேன்.

போன கோடையில் உள்ளே ஒரு வயரின் உறை உருகிவிட்டது. மின்சாரம் பெட்டியில் கசிந்து, கிடார் தந்தியைத் தொட்டால் சுள்ளென்று இழுத்தது. வயரை மாற்றியிருக்கலாம். நான் எர்த் போட்டேன். ஒவ்வொரு கல்யாணத்திலும் மணலில் ஒரு கம்பியை அடித்து, சுற்றிலும் தண்ணீர் ஊற்றி, பெட்டியிலிருந்து அதற்கு ஒரு வயர் இழுத்துக் கட்டுவேன். கசிவெல்லாம் மண்ணுக்குப் போய்விடும்.

கூமூருக்கு மின்சாரம் என்றால் உயிர்பயம். அவன் அண்ணன் தோட்டத்துப் பம்ப் மோட்டாரில் ஒட்டிக்கொண்டு செத்தான். பார்த்து நின்ற கூமூருக்கு அப்போது ஒன்பது வயது. அதனால் என்னைக் கேட்காமல் பெடலில் கால் வைக்கமாட்டான்.

"மச்சான், எர்த் போட்டியா?"

"போட்டாச்சு."

"உங்கம்மா மேல சத்தியமா?"

"உன்னைக் கொன்னா எனக்கு என்னடா கிடைக்கும், உன் ஓட்டை வண்டியா? போய் வாசி."

எல்லோரும் சிரிப்பார்கள். அவன் கேட்கப்போகும் அந்த ஒரு நொடிக்காக நான் நாளெல்லாம் காத்திருப்பேன். வயரை மாற்றியிருந்தால் கேட்டிருக்கமாட்டான்.

மார்ச் மாதம் பிரான்சிலிருக்கும் மார்செய்யிலிருந்து கச்சேரிக்கு அழைப்பு வந்தது. நான்கு பேருக்கு. டீ ஊற்றிக்கொண்டே கூமூர் சொன்னான், என் முகத்தைப் பார்க்காமல்.

"கோவிச்சுக்காத மச்சான். ரெண்டாவது கிடாருக்கு அங்கேயே ஆள் இருக்காம்."

"பெடலை யாரு பார்த்துக்குவா?"

"கடையில குடுத்தா வயரை மாத்திடுவாங்களாம். அரைமணி நேர வேலையாம். நீ ஏன் இத்தனை நாளா சொல்லல?"

எனக்குக் கோபம் வரவில்லை, ஐயா. பயம் வந்தது. அவன் இல்லாத ஊரில் காலையில் எழுந்து என்ன செய்வேன் என்று தெரியவில்லை. தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால், கிளம்பிவிட்டானோ என்று வாசலுக்கு ஓடுவேன்.

கிளம்ப ஒன்பது நாள் இருக்கையில் மலையடிவாரத்தில் ஒரு கல்யாணம். நல்ல பகல். வழக்கம்போலக் கம்பியை அடித்தேன், தண்ணீர் ஊற்றினேன், எல்லோரும் பார்த்தார்கள். வயரின் மறுநுனியைப் பெட்டியில் கட்டாமல் துணிக்கு அடியில் செருகி வைத்தேன்.

"எர்த் போட்டியா?"

"போட்டாச்சு."

அன்று சத்தியம் கேட்கவில்லை. என்னை விட்டுப் போகிறோமே என்ற வருத்தம் அவனுக்கு. தோளைத் தட்டிவிட்டுப் போனான்.

தந்தியில் கை வைத்தபடி பாடுவதற்குக் குனிந்தான். உதடு மைக்கின் இரும்பைத் தொட்டது; மின்சாரத்துக்கு அவன் வழியாகப் பாதை கிடைத்தது. அவன் கத்தவில்லை. விரல்கள் தந்திகளைக் கவ்விக்கொண்டன, ஸ்பீக்கர் ஊளையிட்டது. அதைப் பாட்டு என்று நினைத்துப் பெண்கள் குலவையிட்டார்கள். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவு பயந்த கண்களை நான் பார்த்ததில்லை.

"ஜெனரேட்டரை நிறுத்துங்கடா!" என்று யாரோ அலறினார்கள். அதற்கு மிக அருகில் இருந்தவன் நான், பத்து அடி. நடந்து போனேன். ஓடினால் கூட்டம் மிரண்டுவிடும் என்று தோன்றியது. நிறுத்தினேன். அவனைச் சுற்றி எல்லோரும் கூடி அழுதபோது, வயரின் நுனியைப் பெட்டியில் கட்டினேன். நீங்கள் வந்து பார்க்கையில் எல்லாம் சரியாக இருந்தது அதனால்தான்.

ஜெனரேட்டர் வாடகைக்கு விட்ட பாபா அஹ்மதை நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவர்மேல் தப்பில்லை. கூமூரின் மனைவி ரைச்சத்து என்னிடம் வந்து, "அண்ணே, அவரு ரொம்பக் கஷ்டப்பட்டாரா? நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க?" என்றாள். இல்லை, உடனே போய்விட்டான் என்றேன். அது மட்டும்தான் நான் சொன்ன பொய் என்று நினைக்கிறேன்.

அவனைக் கொல்ல வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை, ஐயா. அவன் ஊரைவிட்டுப் போகக்கூடாது, அவ்வளவுதான். இப்போது ஊரில்தான் இருக்கிறான். வெள்ளிக்கிழமை தோறும் தொழுகை முடிந்து அவன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். நாங்கள் முன்னைவிட நெருக்கமாகிவிட்டோம்.