உப்பில்லாத ரசம்

நான் ரசத்தை ஒருநாளும் தளதளவென்று கொதிக்கவிட்டதில்லை, இன்ஸ்பெக்டர். நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும். திருவையாற்றில் சமையல்கார சாமாவைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பஞ்சநதம் அண்ணா வீட்டில் இருபத்திரண்டு வருஷம் சமைத்தேன். நில உச்சவரம்புச் சட்டம் வந்தபோது, சர்க்கார் கண்ணில் படாமலிருக்க அரை வேலி நஞ்சையை என் பெயரில் எழுதிவைத்தார். இந்த ஐப்பசி முடிந்ததும் தன் மாப்பிள்ளை பெயருக்கு மாற்றுவதாக இருந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அண்ணாவுக்கு நெஞ்சு பலவீனம் என்று டாக்டர் ஜெக்கரியா உப்பை அடியோடு நிறுத்தச் சொன்னார். முதல் நாளே அண்ணா இலையைத் தள்ளிவிட்டார்.

"மாட்டுக்கு வைக்கிற கழுநீர்லகூட ஒரு கை உப்புப் போடறோமேடா, சாமா."

எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாளிலிருந்து கொஞ்சம் உப்புச் சேர்த்தேன். பிறகு நார்த்தங்காய் ஊறுகாய். அவரும் டாக்டரிடம் மூச்சுவிடவில்லை, விரலைச் சப்பிக்கொண்டு எழுந்தார்.

அடைமழையில் ஒரு காலை அண்ணாவுக்குத் திடீரென்று காய்ச்சல். படுத்தால் மூச்சு முட்டியது. டாக்டர் வந்து மார்பில் குழாயை வைத்துக் கேட்டார், வீங்கிய கணுக்காலை அழுத்திப் பார்த்தார்.

"காய்ச்சலைப் பார்த்தா நுரையீரல்ல சளி மாதிரி இருக்கு. உப்பு சாப்பிட்டிருந்தா நீர் கோத்திருக்கும், அதுக்கு வேற ஊசி. மறைக்காம சொல்லுங்க."

"உப்பைக் கண்ணுலயே காட்டலை டாக்டர்."

அண்ணா என்னைப் பார்த்தார். பேச அவருக்கு மூச்சில்லை.

"அவருக்கு வச்ச ரசத்தைக் கொஞ்சம் கொடுங்க, ருசி பார்க்கிறேன்."

"சுவாமிக்கு இன்னும் நைவேத்தியம் ஆகலை. சித்த இருங்கோ" என்றேன்.

நைவேத்தியம் ஆகாமல் அந்த வீட்டில் யாருக்கும் எதுவும் கிடையாது என்று அவருக்குத் தெரியும். மரியாதைக்காரர், கூடத்தில் காத்திருந்தார். அந்தக் கால்மணி நேரத்தில் உப்பில்லாமல் இன்னொரு ரசம் வைத்தேன். ஒரு வாய் குடித்தவர் முகத்தைச் சுளித்தார், நம்பிவிட்டார். காய்ச்சலுக்கு மட்டும் ஊசி போட்டுவிட்டு, நீர் இறங்கும் மருந்தைப் பெட்டியிலேயே வைத்து மூடினார். சாயங்காலம் அண்ணா போய்விட்டார்.

நிலமா? இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது. சம்பா நன்றாகக் கதிர் விட்டிருக்கிறது.

ஆமாம், தெரிந்துதான் செய்தேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் டாக்டரிடம் ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள், அன்று அவர் குடித்தது நான் வழக்கமாக வைக்கிற ரசமில்லை. என் கைப்பக்குவமே அவ்வளவுதான் என்று அந்த மனுஷர் இன்னமும் நினைத்துக்கொண்டிருப்பார். அதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை.