ஒரு வாய் சர்பத்

ஸாஹிர் போடும் சர்பத்தில் இனிப்புக் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும், ஐயா. எனக்கு அது பிடிக்கும். எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் தேர் அப்புத்தளை வீதிக்கு வந்ததும் அவருடைய பலசரக்குக் கடை முன்னால் நிற்கும். அவர் பந்தல் போட்டு எல்லோருக்கும் சர்பத் கொடுப்பார். பூசாரி அவர் கடைக்கென்று ஒரு தேங்காய் உடைப்பார். அவருடைய வாப்பா காலத்திலிருந்தே அப்படித்தான்.

நான் கெட்டவன் அல்ல. விளக்கேற்றாமல் தேத்தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். தோட்டத்தில் எங்கள் கட்சிக்கு நான்தான் தலைவர். பழைய கட்சி அது. கோயிலைப் பேண வேண்டும், குடும்பம் கட்டுக்கோப்பாக இருக்க வேண்டும், பெரியவர்களை மதிக்க வேண்டும் என்று சொல்லும். அடுத்தவரைத் திட்டி வாக்குக் கேட்டதில்லை.

பிறகு எங்கள் தோட்டத்துப் பையன் சதீஸ்குமார் கொழும்பு வேலையை விட்டுவிட்டு வந்தான். காவிக்கொடி கட்டி ஓர் அமைப்புத் தொடங்கினான். "கடையெல்லாம் அவங்களுக்கு, கொழுந்துக் கூடை மட்டும் நமக்கா?" என்று லயம் லயமாக, வரிசை வீடுகளுக்கெல்லாம் போய்க் கேட்டான். எங்கள் கூட்டத்துக்கு வந்தவர்கள் அவன் கூட்டத்துக்குப் போனார்கள். என்னைக் கண்டால் எழுந்து நிற்கும் பையன்கள் உட்கார்ந்தபடியே, "என்ன தலைவரே, பாய் கடை சர்பத்துக்குத்தான் கட்சி நடத்துறீங்களா?" என்று சிரித்தார்கள்.

எனக்குப் பயம் வந்தது. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய் நிற்கும்போது பின்னால் யாராவது தாழ்ந்த குரலில் பேசினால் என்னைப் பற்றித்தானோ என்று திரும்பிப் பார்ப்பேன். இவர்கள் கைக்குத் தோட்டம் போனால் ஸாஹிருக்கே ஆபத்து என்றும் நினைத்தேன். அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பதுளையில் எங்கள் கட்சி அமைப்பாளர் தனேஸ்வரன், யாழ்ப்பாணத்துப் படித்த மனிதர், சொன்னார்: "அவங்கள் கத்துறதில கொஞ்சத்தை நாங்கள் மரியாதையாச் சொல்லுவம். இல்லாட்டிச் சனம் முழுக்க அங்க போயிடும்."

நியாயமாகத்தான் பட்டது. முதலில், நம்மவர் கடையில் வாங்குவோம் என்று பேசினேன். கை தட்டினார்கள். அடுத்த கூட்டத்தில் அதையே சொன்னபோது அவ்வளவு தட்டவில்லை. கொஞ்சம் காரம் சேர்த்தேன். பிறகு, இந்த வருடம் தேர் அந்தக் கடை முன்னால் நிற்காது என்றேன். ஏன் என்று சதீஸ்குமார் கேட்டான். காரணம் ஒன்று வேண்டியிருந்தது. போன திருவிழாவில் சில பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். எதைக் குடித்ததால் என்று யோசித்துப் பாருங்கள் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

ஸாஹிர் கோபிக்கவில்லை. "அரசியலுக்குப் பேசுறது வேற, சாமி வாறது வேறதானே, தலைவரே," என்று சிரித்துவிட்டுப் பந்தல் போட்டார்.

தேர் வந்ததும் பையன்கள் பந்தலை உதைத்தார்கள். ஸாஹிர் ஒரு கிளாஸை எடுத்து எல்லோர் முன்னாலும் குடித்துக் காட்டினார். "விசத்துக்கு மாத்து மருந்து தின்னுட்டு வந்திருப்பாரு," என்றான் ஒருவன். அப்போது அவர் இன்னொரு கிளாஸை நிரப்பி, தேர் வடத்தருகே நின்ற என்னிடம் நீட்டினார்.

"தலைவரே, நீங்க ஒரு வாய் குடிங்க. நீங்க குடிச்சாப் போதும்."

மேளம் நின்றது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். சதீஸ்குமாரும்தான்.

"நான் விரதம்," என்றேன்.

அன்று நான் விரதம் என்பது உண்மை. அந்த விரதத்தில் சோறுதான் ஆகாது. ஒவ்வொரு வருடமும் அதே விரதத்தோடு அவர் கையால் சர்பத் வாங்கிக் குடித்திருக்கிறேன். அது ஸாஹிருக்கும் தெரியும். அவர் கிளாஸை மெதுவாகத் தாழ்த்தினார்.

ஸாஹிரை யார் யார் அடித்தார்கள் என்று கேட்கிறீர்கள். நான் அம்மன் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அவர் இறந்துவிட்டார். அவர் மனைவி ஸல்மாவுக்கு அரிசியும் பருப்பும் அனுப்பினேன். கட்டைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டாள். மனிதர்களுக்கு மனம் கல்லாகிவிட்டது, ஐயா.

பிள்ளைகள் வாந்தி எடுத்தது எங்கள் கட்சி கொடுத்த அன்னதானத்துப் பாயசத்தால். அது புளித்துவிட்டது என்று தெரிந்தும், வீணாக்க வேண்டாம், பரிமாறுங்கள் என்றவன் நான்தான். சர்பத்தில் எதுவும் இருக்கவில்லை.

ஆனால் ஒன்றைப் பாருங்கள். சதீஸ்குமாரின் அமைப்பு இப்போது எங்கள் தோட்டத்தில் இல்லை. பிரதேச சபைத் தேர்தலில் அவன் எங்கள் கட்சியில் நிற்கிறான். அவன் பேசியதையெல்லாம் இப்போது நாங்களே பேசுகிறோம், தனி அமைப்பு அவனுக்கு எதற்கு? அவர்கள் கைக்குப் போகாமல் இந்தத் தோட்டத்தைக் காப்பாற்றிவிட்டேன், ஐயா.