ரோபோவுக்கு நடந்து காட்டியவர்கள்

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் மருந்துக்கு நம்பர் எடுத்துக் காத்திருந்தேன். முன் வரிசையில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இருவர்.

“நான் வேணும்னே நொண்டி நடந்தேன்,” என்றார் மூத்தவர்.

“எதுக்குக்கா?”

“கொழுந்து மூட்டை தூக்குற ரோபோவுக்கு நம்மளதானே மேட்டுல நடந்து காட்டச் சொன்னாங்க. நம்ம நடையப் பார்த்துத்தான் அது கத்துக்குமாம். அடுத்த வாரத்துலேர்ந்து அது போற வேகத்துக்குத்தான் எல்லாரும் கூடவே ஏறணும். அதான் மெதுவா நடந்தேன். நீ ஏன்டி ஓடுனே?”

இளையவர் கையிலிருந்த நம்பர் சீட்டை மடித்தார்.

“கேக்குறேன் லா. உன் வேகத்தத்தான் வச்சுக்கிட்டாங்கன்னு ஆபீஸ்ல கணக்கெழுதுற கிராணி சொல்லிட்டாரு. அந்த மேட்டுல யாரால முடியும்?”

“தோட்டத்து மேனேஜர் துரை பார்த்துக்கிட்டே நின்னாரு, அக்கா. மெதுவா நடந்தா, இவளுக்கு முடியலன்னு வேலையவிட்டு நிப்பாட்டிருவாங்கன்னு பயந்துட்டேன்.”

“போய்ச் சொல்லு. இன்னொரு தடவ நடந்து காட்டுறேன்னு சொல்லு.”

“ஏன்னு கேப்பாங்களே.”

இளையவரின் நம்பரைக் கூப்பிட்டார்கள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கவுண்டர் பத்தடி தூரம்கூட இல்லை. வலது காலை இழுத்து இழுத்துத்தான் போய்ச் சேர்ந்தார்.