ஒத்த ஆள் மறியல்

...அதனால வண்டிய அணைச்சிரு தம்பி, டீசல் எதுக்கு வீணா? இந்த மறியல் கோட்டத் தாண்டி நீ வரப் போறதில்ல. தொப்பியில தொழிற்சங்க பேட்ஜ் குத்தியிருக்கியே, அந்தத் தைரியத்துலதான் சொல்றேன். ஆமா, நான் ஒருத்தன்தான். ஒரு நாற்காலி, ஒரு கோஷ அட்டை. அதனால என்ன? ஒத்த ஆள் நின்னாலும் மறியல் மறியல்தானே? உங்க சங்கத்துல வேற மாதிரியா சொல்லிக் குடுத்தாங்க? அப்படி வா வழிக்கு.

இல்லப்பா, வீட்ட நகத்தக் கூடாதுன்னு யாரு சொன்னா? அப்படியே பேத்து உன் வண்டியில தாராளமா ஏத்திட்டுப் போ. துறைமுகத்துக்குக் கன்டெய்னர் அடுக்க எடம் வேணுமாம், மேட்டுத் தெருவுல காலி மனை குடுத்திருக்கு. போகட்டும். ஆனா முழுசாப் போகணும். பின்னால இருக்கிற சமையக்கட்ட அறுத்துக் குப்பையில கொட்டிட்டு மிச்சத்த மட்டும் கொண்டு போறேங்கிறாங்க பாரு, அதுக்குத்தான் இந்த அட்டை.

பாரம்பரியக் கழகத்து பிரூயிட்டம்மா காலையிலயே வந்தாங்க. சமையக்கட்டு விக்டோரியா காலத்தது இல்லையாம், பின்னாடி ஒட்டவச்சதாம், வீட்டோட அழகு கெடுதாம். ஏம்மா, இந்த வீட்டுக் கோபுரத்துல நின்னு தன் கப்பலப் பாத்துக்கிட்டிருந்த ஹார்கிரேவ் முதலாளி, பசிச்சா கோபுரத்தையா தின்னாருன்னு கேட்டேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. பாதி வாழ்க்கை இந்த வாசல்ல நின்னு ஒழிக ஒழிகன்னு கத்தினவன் நான். இப்ப இதுக்கே காவல். காலக் கொடுமையப் பாரு!

எனக்கு இதுல என்ன அக்கறைன்னா கேக்குற? எங்கம்மா லெம்பி அந்தச் சமையக்கட்டுலதான் சமையக்காரி. பெரிய வேலைநிறுத்தத்தப்ப முதலாளி வச்ச அடியாளுங்க முன்கூடத்துல துப்பாக்கியோட உக்காந்திருக்கானுங்க, இவ பின்வாசல்ல மறியல்காரங்களுக்கு மீன் சூப்பு ஊத்துறா. முதலாளி வீட்டு மீனு, முதலாளி வீட்டுச் சட்டி! சிரி, சிரி. நானும் நெனச்சு நெனச்சுச் சிரிப்பேன்.

ஒரு நாள் நல்ல மழை. மறியல்ல நின்ன எங்கப்பன் ஈனோ உள்ள வந்து, அடுப்போரமா நின்னு சூப்பு குடிச்சான். அவ்வளவுதான், அடியாள் ஒருத்தன் வந்து சுட்டுக் கொன்னுட்டான். அவனத் தூக்கித் தெருவுல போட்டுட்டு, மறியல்காரனுங்களே ஒருத்தன ஒருத்தன் சுட்டுக்கிட்டானுங்கன்னு பேப்பர்ல போட்டாங்க. கோர்ட்டும் அதையே சொல்லுச்சு. வீட்டுக்குள்ள துப்பாக்கியே வெடிக்கலையாம். கண்ணால பாத்த எங்கம்மா பேச்சு எடுபடல.

அந்தக் குண்டு அடுப்புக்குப் பக்கத்துப் பலகைச் செவுத்துல, உள்பக்கமா, இன்னும் இருக்கு. நோண்டி எடுத்து வீட்டுல வச்சுக்கவா? நல்லாச் சொன்ன போ. எடுத்துட்டா அது வெறும் ஈயம் தம்பி. செவுத்துல இருந்தாத்தான் எங்கேர்ந்து வந்துச்சுன்னு சொல்லும்.