திருத்தம் தேவைப்படாத கட்டுரை

நான் சினிமாவுக்கு ஓசியில் போனதே இல்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா. ஏட்டையா மெதுவாகவே எழுதட்டும், எனக்கு அவசரமில்லை. கோவில்பட்டியில் எந்தத் தியேட்டர் மேனேஜரைக் கேட்டாலும் சொல்வார். பாஸ் கொடுத்தால் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வரிசையில் நின்று டிக்கெட் எடுப்பவன் நான். இடைவேளையில் அவர்கள் நீட்டும் கலர் சோடாவைக்கூடக் குடிக்க மாட்டேன். விமர்சகன் கலர் குடித்துவிட்டால் இரண்டாம் பாதி நன்றாகத்தான் இருக்கும்.

மதுரையிலிருந்து வரும் ஒரு வாரப் பத்திரிகையில் பத்தொன்பது வருடமாக எழுதுகிறேன். பூவனநாதன் என்பது புனைபெயர் இல்லை, அப்பா வைத்தது. பகலில் தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதுவது என் வேலை. சோறு அதில் வருகிறது. சினிமா எழுதிக் கிடைப்பது பஸ் செலவுக்குக் காணாது. ஆனால் இத்தனை வருடத்தில் என் கட்டுரைக்கு ஒருமுறைகூடத் திருத்தம் வந்ததில்லை. மற்றவர்கள் எழுதினால் அடுத்த வாரம் ஒரு மூலையில் சின்னக் கட்டம் கட்டி, சென்ற இதழில் இன்னது தவறாக வந்துவிட்டது, வருந்துகிறோம் என்று போடுவார்கள். எனக்காக அந்தக் கட்டம் கட்டப்பட்டதே இல்லை. ஆசிரியர் ஒரு பொங்கல் மலரில் இதைப் பாராட்டி இரண்டு வரி எழுதினார். நான் வாங்கிய விருது அது ஒன்றுதான்.

விருது பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது உங்களுக்குப் புரியாது. மார்கழி பிறந்தால் படக் கம்பெனிகளுக்கு ஒரு காய்ச்சல் வரும். வசூலுக்குப் போகிற படம் என்றால் போஸ்டரில் கதாநாயகன் அரிவாளைத் தூக்கினால் போதும். விருதுக்குப் போகிற படத்துக்குத் துயரம் வேண்டும். படத்துக்குள் இருக்கும் துயரம் பத்தாது, வெளியிலும் வேண்டும். டைரக்டர் மனைவியின் தாலியை அடகு வைத்திருக்க வேண்டும். கேமராமேனுக்கு மஞ்சள்காமாலை வந்திருந்தால் நல்லது. தேர்வுக் குழுவில் இருப்பவர்களுக்கு வெடித்த நிலம் என்றால் உயிர். எங்கள் கரிசல் பங்குனியில் பாளம் பாளமாக வெடிக்கும், ஆகவே வருடத்துக்கு ஒரு கம்பெனியாவது விளாத்திகுளம் பக்கம் வேனில் வந்து இறங்கும். ஒரு தடவை படப்பிடிப்பு அன்று நல்ல மழை. ஊரே வானத்தைக் கும்பிட்டது, டைரக்டர் மட்டும் வானத்தைப் பார்த்துக் கெட்ட வார்த்தை பேசினார்.

அப்படி வந்தவர்கள் எடுத்ததுதான் 'கோடை உழவு'. போன வருடம், இரண்டாயிரத்து ஒன்றில் வெளிவந்தது. எப்போதும்வென்றான் என்ற ஊருக்கு மேற்கே ஒரு சின்ன ஊரில் எடுத்தார்கள். அந்த ஊரில் ஆடு மேய்க்கும் வெயிலுகந்தம்மாளைத் தாயாக நடிக்க வைத்தார்கள். மகன் கிணற்றில் விழுந்து சாகிறான், தாய் கிணற்று மேட்டில் உட்கார்ந்து அழுகிறாள். கதை அவ்வளவுதான். கோவில்பட்டியில் மூன்று நாள் ஓடியது, மூன்று நாளும் நான் போனேன். அந்த அழுகையைப் பார்த்து நானும் அழுதேன் ஐயா. பக்கத்து சீட்டில் ஆள் இல்லாததால் வெட்கப்படாமல் அழுதேன்.

வீட்டுக்கு வந்து எழுதினேன். "இது நடிப்பல்ல, வாழ்வு. விளக்கு எரியாத வீட்டிலிருந்து வந்தவர், ஒரு சினிமாகூடப் பார்த்திராதவர், தன் சொந்த மகனைப் பறிகொடுத்தவர் வெயிலுகந்தம்மாள். அந்தத் துயரத்தைத்தான் கேமராவின் முன்னால் அழுது தீர்க்கிறார்."

ஊருக்குப் போய் விசாரித்து எழுதினாயா என்று கேட்பீர்கள். விசாரிக்கவில்லை. விமர்சகனுக்குத் திரைதான் சாட்சி. அப்படி அழுகிறவள் பிள்ளையைப் பறிகொடுத்தவளாக இல்லாமல் வேறு யாராக இருக்க முடியும்?

கம்பெனிக்கு விளம்பர வேலை பார்த்தவர் செல்வகணேஷ். சென்னையில் இருக்கிறார், பூர்வீகம் தூத்துக்குடி. அவர் தீப்பெட்டி ஆபீசுக்கே போன் போட்டார். படத்தை விளம்பரம் செய்யத் தங்களிடம் வேறு எதுவுமே இல்லை, என் நாலு வரிதான் இருக்கிறது என்றார். புதுப் போஸ்டர் அடித்தார்கள். 'நடிப்பல்ல, வாழ்வு' என்று பெரிய எழுத்தில் போட்டு, கீழே என் பெயர். டைரக்டர் பெயரைவிட என் பெயர் பெரிது. பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒன்று ஒட்டியிருந்தார்கள், அதைப் பார்ப்பதற்காகவே காலையில் ஆபீசுக்குச் சுற்றிப் போவேன். அதை ஆடு தின்றுவிட்டது. பிறகு ரயில்வே கேட் பக்கம் இருந்ததைப் பார்க்கப் போனேன்.

அந்த நாலு வரியையும் இங்கிலீஷில் எழுதி மும்பையில் ஒரு அறக்கட்டளைக்கு அனுப்பினார்கள். வருடா வருடம் சிறந்த நடிகைக்கு விருது கொடுக்கிறவர்கள். கடைசி மூன்று பேரில் வெயிலுகந்தம்மாளும் ஒருத்தி என்று பங்குனியில் செய்தி வந்தது. விழாவில் போட்டுக் காட்டுவதற்காக, அவளை வீட்டிலேயே வைத்துப் படம்பிடிக்க வெள்ளிக்கிழமை டிவிக்காரர்கள் வருகிறார்கள், நான்தான் முன்னால் போய் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று செல்வகணேஷ் கேட்டுக்கொண்டார். திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். அவளை நேரில் பார்க்கப் போகிறோம் என்று வேட்டிகூடப் புதிது கட்டிக்கொண்டேன்.

வீடு தளம் போட்ட காரை வீடு. நடித்த சம்பளத்தில் கட்டியது. பட்டப்பகலில் டியூப்லைட் எரிந்தது. கலர் டிவியில் ஏதோ பழைய படம். அவள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள், விளம்பரம் வந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். உள்ளேயிருந்து இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். யார் என்று கேட்டேன். மகன், கருத்தப்பாண்டி என்றாள். வேறு பிள்ளைகள் உண்டா என்று கேட்டேன். ஒத்தைப் பிள்ளைதான் என்றாள். பிறந்து தவறிப்போன பிள்ளை ஏதாவது என்று இழுத்தேன். அப்படியெல்லாம் எதுவும் இல்லை என்றாள். நான் தண்ணீரைக் குடித்தேன். நல்ல தண்ணீர், கோவில்பட்டியில் கிடைக்காது.

பையன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போன பிறகு, படத்தில் எப்படி அழுதாள் என்று கேட்டேன்.

"கைய விரிச்சது எங்க மதினிகிட்டப் பாத்தது. கொரலு ஒப்பாரி சொல்லுத ஒருத்திகிட்டக் கேட்டது. நெஞ்சுல அடிக்கது டிவில பாத்தது. மூணையும் சேத்துக்கிட்டேன் அண்ணாச்சி."

மகனை நினைத்துக்கொள்ளவில்லையா என்றேன்.

"அவன் கேமராவுக்குப் பொறத்தால நின்னு புரோட்டா தின்னுக்கிட்டுல்லா இருந்தான். அவன நெனச்சா சிரிப்புல்லா வரும்." சொல்லும்போதே சிரித்துவிட்டாள். பிறகு உளுந்தைக் கையால் துழாவிக்கொண்டே சொன்னாள். "நெசமாவே பிள்ளையக் குடுத்தவ அழ மாட்டா. எங்க தெருவுல அழகுத்தாய்க்கு மகன் செத்தப்ப, அவ சும்மாவே இருந்தா. அத சினிமாவுல காட்டினா எவன் பாப்பான்?"

எனக்கு வருத்தமாக இருந்தது. தங்கள் கலையைப் பற்றிக் கலைஞர்கள் சொல்வதை நம்பக் கூடாது என்று நானே பல தடவை எழுதியிருக்கிறேன். நான் என் கண்ணால் பார்த்த அழுகை அது. மதினி கை, யாரோ ஒருத்தி குரல் என்று பிய்த்துப் போட்டால் என் மனம் எப்படி ஒத்துக்கொள்ளும்?

பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னேன். வெள்ளிக்கிழமை ஒரு நாள் பையனை விளாத்திகுளத்துக்கு அனுப்பிவிடலாம், டிவிக்காரர்கள் கேட்டால் ஒரு மகன் இருந்து தவறிவிட்டான் என்று மட்டும் சொன்னால் போதும், விருது வீடு தேடி வரும் என்றேன். அவள் எழுந்து போய் டிவியை அணைத்தாள்.

"இருக்க பிள்ளைய செத்தான்னு பெத்த வாயால சொல்லச் சொல்லுதீங்களா? வெள்ளிக்கெழம அவனத்தான் எம் பக்கத்துல நிப்பாட்டுவேன். நான் நடிச்சேன்னு சொல்லுவேன். நடிச்சதுக்குத்தான அண்ணாச்சி பரிசு குடுக்காவ?"

காபி போட்டுக் கொடுத்தாள். கோபத்தில் சர்க்கரையை அதிகமாகப் போட்டுவிட்டாள், முழுவதும் குடித்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு அந்தச் சின்னக் கட்டம்தான் கண்ணில் நின்றது. 'கோடை உழவு விமர்சனத்தில் திருமதி வெயிலுகந்தம்மாளின் மகன் இறந்துவிட்டதாக வெளியான தகவல் தவறு. வருந்துகிறோம்.' மூன்று வரி. பத்தொன்பது வருடத்துக்கு மூன்று வரி. கட்டுரையைத் திருத்த முடியாது, அச்சாகிவிட்டது. அச்சாகாதது எதுவோ அதைத்தான் திருத்த முடியும். இது யாருக்கும் தோன்றக்கூடிய யோசனைதான்.

சிறியதிலிருந்து தொடங்கினேன். புது வீட்டுக்கு இன்னும் மின் இணைப்பு வாங்கவில்லை, பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்திருந்தார்கள். சட்டப்படி அது குற்றம். செவ்வாய்க்கிழமை மின்சார அலுவலகத்தில் மனு கொடுத்தேன், என் பெயரைப் போட்டுக் கையெழுத்துடன். மறுநாளே வந்து துண்டித்துவிட்டார்கள். விளக்கு எரியாத வீடு என்பது சரியாகிவிட்டது. டிவியும் நின்றுவிட்டது. அவள் அதுவரை பார்த்த படங்களை மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதை யாரும் கேட்கப் போவதில்லை என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை உச்சிவேளை. கருத்தப்பாண்டி கிணற்றுப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தான். படத்தில் வருகிற அதே கிணறு. என்னைப் பார்த்ததும் துண்டை உதறி வேப்பமரத்து நிழலில் விரித்து உட்காரச் சொன்னான். நல்ல பையன் ஐயா. மனு கொடுத்தது நான் என்று அவனுக்குத் தெரியாது. அம்மாவுக்குத்தான் என் மேல் கோபம், தனக்கு இல்லை என்றான்.

"என்னய சாகடிச்சுட்டீங்களே அண்ணாச்சி," என்று சிரித்தான். "பரவால்ல. சினிமாவுல ஒரு சின்ன வேசம் வாங்கித் தாங்க. எல்லாம் சரியாப் போவும்."

சரியாகிவிடும் என்று நானும் சொன்னேன்.

படத்தில் மகனாக நடித்த சென்னைப் பையன் எந்த இடத்தில் நின்று விழுந்தான் என்று கேட்டேன். உற்சாகமாக எழுந்து போய்க் காட்டினான். உள்ளே வலை கட்டித்தான் எடுத்தார்கள், அப்படியும் அவனுக்குக் கால் நடுங்கியது, தன்னை விட்டிருந்தால் அருமையாகச் செய்திருப்பேன் என்றான். எப்படிச் செய்வாய் என்று கேட்டேன். விளிம்பில் நின்று கையை விரித்தான். உண்மையாகவே நன்றாக நின்றான். அந்தக் காட்சிக்கு அவனையே போட்டிருக்கலாம் என்று ஒரு விமர்சகனாகத் தோன்றியது. கிணற்றில் தண்ணீர் இல்லை, அடியில் பாறை தெரிந்தது. பக்கத்தில் போய்த் தோளில் கை வைத்தேன். தட்டிக்கொடுக்கிறேன் என்று நினைத்திருப்பான், பாதி திரும்பிச் சிரித்தான். தள்ளினேன்.

ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன, பிறகு மேய்ந்தன. நான் எழுதியது பொய் இல்லை, கொஞ்சம் முந்தி எழுதிவிட்டேன், அவ்வளவுதான். வேப்பமரத்தடியில் கிடந்த அவன் துண்டை மடித்து வைத்துவிட்டு நடந்து வந்து பஸ் பிடித்தேன். டிவிக்காரர்களுக்காகக் கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்கினேன்.

ஆடுகள் தானாக வீடு திரும்பியதும்தான் பையனைத் தேடியிருக்கிறார்கள். பெரியாஸ்பத்திரியில் பிரேதப் பரிசோதனை முடிந்து வெள்ளிக்கிழமை மத்தியானம் உடலைக் கொண்டுவந்தார்கள். டிவிக்காரர்களும் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்கள். செல்வகணேஷ் வேனைவிட்டு இறங்கியதும் பந்தலைப் பார்த்துத் திகைத்துப்போனார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"அண்ணாச்சி, இது நீங்க எழுதின மகனா, வேற மகனா?"

அதே மகன்தான் என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தேதியை யாரும் பார்க்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டு, கேமராவைத் தூரத்தில் வைத்து ஓடவிடச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை, விருது சீசன் முடியப் போகிறது என்ற கவலை அவருக்கு.

நான் கேமராவுக்குப் பக்கத்தில் நின்றேன். வெயிலுகந்தம்மாள் பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். கையை விரிப்பாள் என்று காத்திருந்தேன். விரிக்கவில்லை. நெஞ்சில் அடிக்கவில்லை. குரலே இல்லை. மற்ற பெண்கள் எல்லோரும் அழுதார்கள், படத்தில் அவள் அழுத அளவுக்கு யாரும் நன்றாக அழவில்லை. வெயில் நகர்ந்து பிள்ளையின் காலில் விழுந்தபோது எழுந்து போய் வேட்டி நுனியை இழுத்து மூடிவிட்டாள். திரும்பி வரும்போது என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். மறுபடி போய் உட்கார்ந்துகொண்டாள். இதில் ஒன்றுமே இல்லையே என்று சொல்லிக் கேமராமேன் நிறுத்திவிட்டார். போன வாரம் விருதை வேறு ஒரு நடிகைக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர் சினிமாவில் இருபது வருடமாக இருக்கிறவராம்.

நீங்கள் என்னைத் தேடி வரவில்லை, நானாகத்தான் வந்தேன் என்பதையும் ஏட்டையா எழுதட்டும். நேற்று அந்த ஊருக்குப் போயிருந்தபோது உங்கள் அறிக்கையில் 'கால் தவறி விழுந்து இறந்தார்' என்று எழுதியிருப்பதாகச் சொன்னார்கள். அது தவறு. கால் தவறவில்லை, அவன் நன்றாகத்தான் நின்றான், நான் தள்ளித்தான் விழுந்தான். தவறு என்று தெரிந்த ஒன்றை அப்படியே விட்டுவிட என்னால் முடியாது, அது என் சுபாவம். நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

என் கட்டுரையைப் பொறுத்தவரை இனி ஆசிரியர் எதையும் வெளியிட வேண்டியதில்லை. அவர் கேட்டால் இதை மட்டும் சொல்லுங்கள். என் பக்கம் ஒரு பிழையும் இல்லை. அவளுக்குத்தான் அழத் தெரியவில்லை.